குடும்பப் பெயர் இல்லாத ஊரில் மரபணுச் சோதனை: இரத்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

டர்பனிலும் மொரீசியஸிலும் வாழும் தமிழ் வம்சாவளியினர் பலர் இன்று ஒரு சிறு குழாயில் எச்சிலைச் சேகரித்து அஞ்சலில் அனுப்பித் தம் முன்னோரைத் தேடுகின்றனர். சோதனை முடிவு கைக்கு வந்ததும் அவர்களிடம் எழும் முதல் கேள்வி, தம்முடைய குடும்பப் பெயரைக் கொண்ட குடும்பங்கள் சென்னையில் உள்ளனவா என்பதுதான். கடற்கரையின் இந்தப் பக்கம், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாம் சந்திக்கும் கல்லூரி மாணவர்களின் கேள்விகள் வேறு. சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுபவருக்கு டி.என்.ஏ. சோதனை கைகொடுக்குமா? நாம்தான் இம்மண்ணின் பூர்வகுடிகள் என்பதை மரபணு நிரூபிக்குமா?

உறவினரைத் தேடுவது, சான்றிதழ் பெறுவது, வரலாற்று உரிமையை நிலைநாட்டுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். மூன்றுக்கும் ஒரே சோதனை விடை தரும் என்ற நம்பிக்கை பரவிவருவதால், அச்சோதனை எவ்வாறு செயல்படுகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

பெயரும் ஒய் குரோமோசோமும்

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. ஆணின் உடலிலுள்ள ஒய் குரோமோசோமும் அதே வழியில், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே, பெரிதும் மாறாமல் செல்கிறது. பெயரும் குரோமோசோமும் ஒரே பாதையில் பயணிப்பதால், ஒரே பெயருடைய இருவரின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டால் அவர்களுக்குப் பொதுவான தந்தைவழி முன்னோர் இருந்தாரா என்று அறியலாம். இத்துறையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஒப்பிடும் முறையும் எளியது. ஒய் குரோமோசோமில் சில இடங்களில் குறுகிய எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் ஒருவருக்கு 13 முறை, மற்றொருவருக்கு 14 முறை என இந்த எண்ணிக்கை வேறுபடும். இத்தகைய 37 அல்லது 111 இடங்களின் எண்களை வரிசையாக எழுதி இருவருடையதையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் ஒரு தலைமுறையில் எண் மாறும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று. எத்தனை எண்கள் வேறுபடுகின்றன என்பதைக் கொண்டு, பொது முன்னோர் எத்தனை தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுவார்கள். இது மதிப்பீடுதான். பெயரையும் ஆண்டையும் குரோமோசோம் சொல்லாது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தம் சொந்தக் குடும்பப் பெயரைக் கொண்ட ஆண்களைச் சோதித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் ஒரே ஒய் வகை காணப்பட்டது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2006இல் ஒரே பெயருடைய 150 இணைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ நான்கில் ஓர் இணைக்கே பெயர்வழிப் பொது முன்னோர் இருந்ததாகத் தெரிந்தது. அரிய பெயர்களில் இவ்விகிதம் உயர்ந்தது. 'ஸ்மித்' போல எல்லோருக்கும் உரிய தொழிற்பெயர்களில் தேய்ந்து மறைந்தது. கொல்லர் என்று பொருள்படும் பெயரை ஊருக்கு ஒருவர் தனித்தனியே பெற்றிருக்கையில் அதில் வியப்பில்லை.

தலித் வாசகர்களுக்கு இத்துறையில் மிக நெருக்கமான நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சன், தம்மிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தந்தை என்று அப்பெண்ணின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஜெபர்சனுடைய தந்தையின் உடன்பிறந்தவரது ஆண்வழி வாரிசுகளின் ஒய் குரோமோசோமும், சாலியின் இளைய மகன் எஸ்டன் ஹெமிங்ஸின் ஆண்வழி வாரிசின் ஒய் குரோமோசோமும் பொருந்துவதாக 1998இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. எனினும் அச்சோதனை சொன்னது, தந்தை ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதை மட்டுமே. அவர் தாமஸ் ஜெபர்சனே என்ற முடிவுக்கு, சாலி கருவுற்ற காலங்களில் அவர் தம் பண்ணையில் தங்கியிருந்ததைக் காட்டும் ஆவணங்களும் ஹெமிங்ஸ் குடும்பத்தின் வாய்மொழி வரலாறும் தேவைப்பட்டன. ஆண்டைகள் எழுதிய ஏடுகளை நம்பிய அறிஞர்கள் ஒடுக்கப்பட்டோரின் வாய்மொழியைப் புறந்தள்ளியிருந்தனர். சோதனை அந்த வாய்மொழியின் பக்கம் நின்றது.

ஒரு முனுசாமியும் நூறு முனுசாமிகளும்

மேற்கண்ட முறை தமிழ்நாட்டில் முதல் படியிலேயே நின்றுவிடும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே நமக்குத் தலைப்பெழுத்து. மகனுக்கு நம் பெயர் தலைப்பெழுத்து. பேரனிடம் நம் பெயரின் சுவடே இல்லை. ஒய் குரோமோசோம் மாறாமல் செல்கையில் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது.

பெயருக்குப் பின்னால் மாறாமல் ஒட்டிவந்தவை சாதிப் பட்டங்கள்தாம். அவற்றைத் துறக்க வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானித்தது. முதலியார், நாயுடு, பிள்ளை, செட்டியார் முதலிய பட்டங்கள் ஒரு முன்னோரைக் குறிப்பவை அல்ல. பல சாதிகள் ஒரே பட்டத்தைப் பயன்படுத்தின, ஒரே சாதிக்குள் பல பட்டங்கள் வழங்கின. சேரி மக்களுக்கோ மதிப்புடைய பட்டம் எதையும் இச்சமூகம் தரவில்லை. கிராமக் கணக்குகளில் சாதிப் பெயரே அவர்களுடைய பெயரின் வாலாக எழுதப்பட்டது.

வடசென்னையில் 'முனுசாமி' என்று அழைத்தால் தெருவுக்கு நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழுமலைகளும் கன்னியப்பன்களும் அவ்வாறே. இப்பெயர்கள் குலதெய்வத்தையும் வேண்டுதலையும் ஒட்டி வைக்கப்பட்டவை. நூறு முனுசாமிகளின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டால் நூறு பேர் முனீஸ்வரனை வேண்டிக்கொண்டார்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது.

ஆயின் 'மூன்சாமி' என்பது தென்னாப்பிரிக்காவில் இன்று ஒரு குடும்பப் பெயர். அது குடும்பப் பெயரான கதையில்தான் நம்முடைய சிக்கலும் வாய்ப்பும் அடங்கியுள்ளன.

கப்பல் பட்டியல்

1860 அக்டோபர் 12 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் அது. அதில் 342 பேர் இருந்தனர். அப்போது மதராஸில் இன்றைய செயற்கைத் துறைமுகம் இல்லை. அதன் கட்டுமானம் 1870களின் நடுவில்தான் தொடங்கியது. அதுவரை மக்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிச் சென்றே கப்பல் ஏற வேண்டும்.

1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகச் சென்றவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சை, திருச்சி, விசாகப்பட்டினம் எனப் பல மாவட்டத்தவர் அவர்களில் இருந்தனர். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் இவ்வூர்களைச் சூறையாடியது. பிழைக்க வழிதேடி நகரத்துக்கு வந்தவர்களில் சிலர் கப்பலேறினர். சிலர் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் ஆலைகளிலும் உடலுழைப்புக்கு அமர்ந்து வடசென்னையின் சேரிகளை நிரப்பினர். ஒரே ஊரின் ஒரே தெருவைச் சேர்ந்த பங்காளிகளில் ஒருவர் மரபு டர்பனிலும் மற்றவர் மரபு திருவொற்றியூரிலும் தொடர்ந்திருக்கக்கூடும். உறவைத் தேடும் முயற்சி பொருளற்றதன்று என நாம் கருதுவது இதனால்தான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம் என அதன் பத்திகள் நீளும். தொடக்ககாலப் பட்டியல்களில் பல பத்திகள் வெறுமையாக உள்ளன. சாதி என்ற பத்தியில் 'மலபார்', 'ஜெண்டூ' என்ற சொற்கள் காணப்படுகின்றன. முதலாவது தமிழரையும் இரண்டாவது தெலுங்கரையும் குறிக்க வெள்ளையர் பயன்படுத்திய சொற்கள். சாதிப் பெயர்களே அல்ல. 'பறையா' என்ற சொல்லும் அதே பத்தியில் இருக்கிறது. எழுத்தர் கேட்டாரா, ஊகித்தாரா, எதிரில் நின்றவர் சொன்னதை மாற்றி எழுதினாரா என்பதை அப்பத்தி காட்டாது.

நேட்டாலில் குடியேறிய பின் அரசு அலுவலகங்கள் ஒவ்வொருவரிடமும் குடும்பப் பெயர் கேட்டன. சிலர் தந்தையின் பெயரைக் கொடுத்தனர். அது மூன்சாமியாகவும் வீராசாமியாகவும் நிலைத்துவிட்டது. வேறு சிலர் நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி, கவுண்டர் முதலிய பட்டங்களைக் கொடுத்தனர். அவை நைடூ, பிள்ளே, மூட்லி, படயாச்சி, கொவெண்டர் என்ற ஒலிப்புகளில் இன்று அந்நாட்டின் தொலைபேசி நூலை நிறைத்துள்ளன. பட்டத்தைக் கொடுத்தவர் எல்லோரும் அப்பட்டத்துக்கு உரிய சாதியில் பிறந்தவர் அல்லர். கடலைத் தாண்டியபின் ஊர்க்கணக்குப் பிள்ளையின் ஏடு கூடவரவில்லை. கிராமத்தில் ஒருவரை இழிவுபடுத்திய சொல்லைக் கடலோடு விட்டுவிட்டு மதிப்புடைய ஒரு பட்டத்தைச் சூடிக்கொண்டவர்களை நாம் பொய்யர்கள் என்று சொல்லமாட்டோம். தப்பிக்கக் கிடைத்த ஒரு கதவை அவர்கள் திறந்தார்கள்.

எனவே இரு நைடூ குடும்பங்களின் ஒய் குரோமோசோம்கள் பொருந்தாமல் போவது அங்கே இயல்பு. சோதனை முடிவைக் கண்டு, பாட்டி யாருக்கோ பிள்ளை பெற்றார் என்று முடிவுகட்டும் அவசரக்காரர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பிசகியிருப்பது பெரும்பாலும் பெயர்தான்.

இக்கட்டத்தில் இரெட்டைமலை சீனிவாசனைக் குறிப்பிடத் தோன்றுகிறது. 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கி, மறைக்கச் சொன்ன பெயரை முகப்பில் அச்சிட்டவர் அவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் நேட்டாலுக்குச் சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பெயரைத் துறந்தவர்களும் பெயரை ஏந்தியவரும் அந்நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தனர்.

உறவினர் பொருத்தம் எதுவரை நம்பத்தக்கது?

ஒய் குரோமோசோமைத் தவிர்த்து மற்றெல்லாக் குரோமோசோம்களையும் ஒப்பிடும் சோதனையே இன்று வணிக நிறுவனங்கள் பரவலாக விற்பது. இதில் ஆண், பெண் இருபாலரும் பங்கேற்கலாம். தாய்வழி, தந்தைவழி இரண்டும் வெளிப்படும். ஐந்து தலைமுறைகளுக்கு முன் ஒருவருக்கு 32 முன்னோர் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரின் கதையைத்தான் சொல்லும். தனியே கப்பலேறிய பெண்கள் அக்கதையில் இடம்பெறவே மாட்டார்கள்.

ஆயினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரிடமிருந்து பாதிப் பாதிதான் பிள்ளைக்கு வருவதால், பகிர்ந்துகொண்ட துண்டுகள் விரைவில் சிதறுகின்றன. தாத்தாவின் தாத்தா இருவருக்கும் பொதுவாக இருந்தால், பத்தில் ஒன்பது இணைகளில் பொதுத் துண்டு தென்படும். இன்னும் ஒரு தலைமுறை பின்சென்றால் ஏறத்தாழப் பாதி இணைகளில் எதுவும் தென்படாது. 1880களில் பிரிந்த குடும்பங்களின் இன்றைய இளைஞர்கள் இந்த விளிம்பில்தான் நிற்கிறார்கள். ஆகவே வீட்டில் இருப்பவர்களிலேயே மூத்தவரைச் சோதிப்பது நல்லது. ஒரு தலைமுறை அருகில் இருப்பது பெரிய வேறுபாட்டைத் தரும்.

நம்மவரிடம் மற்றொரு சிக்கல் உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது தென்னிந்தியாவில் பல தலைமுறை வழக்கம். அதற்கு மேல் சாதிக்குள் மட்டுமே மணம். இவ்விரண்டாலும் ஒரே சாதியின் ஒரே வட்டாரத்தவர் பல வழிகளில் சிறுசிறு துண்டுகளைப் பகிர்ந்திருப்பர். வணிக நிறுவனங்களின் கணிப்பு முறைகள் நெருங்கிய உறவு மணம் அரிதான சமூகங்களை மனத்தில் வைத்து அமைந்தவை. அவை இத்துண்டுகளைக் கூட்டி, மிகத் தொலைவில் உள்ளவரை நெருங்கிய உறவினர் என்று காட்டிவிடும். பல சிறு துண்டுகளின் கூட்டுத்தொகையை விட, நீளமான ஒற்றைத் துண்டுக்கே மதிப்புத் தர வேண்டும். இதையும் மீறி ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது: அந்நிறுவனங்களின் தரவுத்தளங்களில் உள்ளோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். திருவொற்றியூரிலிருந்து எவரும் மாதிரி கொடுத்திராதபோது டர்பன்வாசிக்குத் திருவொற்றியூர் உறவினர் எங்ஙனம் கிடைப்பார்?

மூக்களவியிலிருந்து மரபணு வரை

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளுக்காக அவர் மக்களைப் பிடித்து நிறுத்தி மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்று நம்பிய ரிஸ்லியின் காலம் அது. அளவுகோலைக் கண்டு அளக்கப்பட்டவர்கள் அஞ்சி ஓடியதைத் தர்ஸ்டன் வேடிக்கையாக எழுதிச் சென்றார். ஓடியவர்களுக்குக் காரணம் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இந்த அளவைகளைப் புறக்கணிக்கவில்லை; எடுத்துப் படித்தார். தீண்டப்படாதோர் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் அவர் வெளியிட்ட நூலில், அதே மூக்களவைத் தரவுகளைக் கொண்டே, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் என்ற கொள்கை நிற்காது என்று காட்டினார். அதற்கு முன்பே, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நிலை அகமணமுறையே என்று வரையறுத்திருந்தார்.

மரபணுவியல் அந்த வரையறைக்கு மிக அருகில் வந்து சேர்ந்திருக்கிறது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இந்தியாவின் பெரும்பாலான மக்கள் பிரிவினர் இரு பெரும் பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பினர். அக்கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே நடந்தது. அதன்பின் கலப்பு அருகி, அகமணம் இறுகியது. 2016இல் கல்யாணியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பல பிரிவுகளில் அகமணம் ஏறத்தாழ 70 தலைமுறைகளுக்கு முன் நிலைபெற்றதாக மதிப்பிட்டது. கலந்து வாழ்ந்த மக்கள் பின்னர் பிரிக்கப்பட்டனர் என்பதே இவற்றின் சாரம்.

'நாமே கலப்பற்ற பூர்வகுடிகள்' என்ற முழக்கத்துக்கு இந்த ஆய்வுகளில் சான்று தேடும் தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. கலப்பின் விகிதம் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுகிறது என்பது உண்மை. கலப்பே இல்லாத தலித் சாதியோ கலப்பே இல்லாத பார்ப்பனச் சாதியோ இல்லை என்பதும் உண்மை. இரத்தத்தின் தூய்மையைக் கொண்டு உரிமை கோரும் வாதத்தை நாம் கையிலெடுத்தால், அதையே நமக்கு எதிராகத் திருப்புவோருக்கு அது புதிய வாதம் அன்று. அவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழகியது. நிலத்தையும் நீரையும் கல்வியையும் நாம் கோருவது அவை மறுக்கப்பட்ட வரலாற்றின் அடிப்படையில். விகிதக் கணக்கு அதற்குத் தேவையில்லை.

சாதிச் சான்றிதழும் இரத்தமும்

சான்றிதழ் கேட்டு அலைபவர்களிடமிருந்தே இக்கேள்வி மிகுந்த வேதனையோடு எழுகிறது. 2022 அக்டோபரில், பிள்ளைக்குப் பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்காத விரக்தியில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். தலைமுறைகளாகத் தெருவோரத்தில் வாழும் காட்டுநாயக்கர், மலைக்குறவர் குடும்பங்களும் நீர்நிலைகளை ஒட்டி வாழும் இருளர் குடும்பங்களும் பூர்விகப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகங்களின் வாசலில் நிற்கின்றனர். நிலம் மறுக்கப்பட்டவரிடம் நிலப் பத்திரம் கேட்பது என்ன நியாயம்? அவர்களில் ஒருவர், இரத்தத்தைச் சோதித்தாவது பாருங்கள் என்று கேட்டால் அது புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆனால் எந்த மரபணுவும் எந்தச் சாதிக்கும் தனியுரிமை அன்று. ஒரு சாதியில் மிகுந்து காணப்படும் ஒய் வகை அடுத்த சாதியிலும் இருக்கும். இருவர் உடன்பிறந்தவர்கள் என்று சோதனை சொல்லும். அவர்கள் எச்சாதியினர் என்று சொல்லாது. அண்ணனுக்குச் சான்றிதழ் இருந்து தம்பிக்கு மறுக்கப்படும்போது, அவர்கள் உடன்பிறந்தவர்களே அல்லர் என்று அலுவலர் வாதிட்டால் மட்டுமே சோதனைக்கு ஒரு சிறு வேலை உண்டு. அங்கும் பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவையே விரைவாகவும் மலிவாகவும் பயன்படும்.

சட்டமும் சாதியை இரத்தமாகப் பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டின் மாதுரி பாட்டில் தீர்ப்பு, ஆவணங்களோடு அச்சமூகத்தின் வழக்கங்களை அறியும் விசாரணையையும் வகுத்தது. அந்த வழக்க ஒப்பீட்டுச் சோதனை இறுதி உரைகல் அன்று, ஒவ்வொரு வழக்கிலும் அது கட்டாயமும் அன்று என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 24 அன்று மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் வழக்கில் தெளிவுபடுத்தியது. நம்பகமான பழைய ஆவணம் இருப்பவரை, உன் குலச்சடங்கு என்ன என்று கேட்டு மடக்கும் அலுவலர்களிடம் இத்தீர்ப்பைக் காட்டலாம். ரமேஷ்பாய் நாய்கா வழக்கில் 2012இல் அதே நீதிமன்றம், சாதி மறுப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தந்தையின் சாதியையே பெறும் என்ற ஊகம் மாற்றத்தக்கது என்றது. பிள்ளை யாரோடு வளர்ந்தது, எந்த இழிவுகளைச் சுமந்தது, சமூகம் அதை யாராக நடத்தியது என்பவை பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். ஒய் குரோமோசோம் தந்தையுடையதாகவே இருக்க, சாதி தாயுடையதாக ஏற்கப்படலாம்.

இரத்தத்துக்கும் பட்டியலுக்கும் தொடர்பில்லை என்பதை இராயபுரத்தை விட நன்றாக எங்கும் காண முடியாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் இந்துவாகவும் மற்றவர் கிறித்தவராகவும் வாழும் தலித் குடும்பங்கள் இங்கே பல. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி முன்னவர் பட்டியல் சாதியினர். பின்னவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் ஆணைக்குள் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர்களையும் சேர்க்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றிய பின்னும் நிலை மாறவில்லை. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய நிலையையே உறுதிசெய்தது. இருவருக்கும் மரபணு ஒன்று, சேரியும் ஒன்று, அவர்கள் சந்திக்கும் இழிவும் ஒன்று. சான்றிதழ் மட்டும் இரண்டு.

பஞ்சமி நிலத்திலும் இதே குழப்பம் எட்டிப்பார்க்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்ட அந்நிலங்களை மீட்க, முதல் ஒதுக்கீடு பெற்றவரின் வழித்தோன்றல் நான் என்று மரபணுவால் நிறுவ வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதோருக்கு நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்பது ஒதுக்கீட்டின் நிபந்தனை. அந்நிபந்தனை மீறப்பட்டதைக் காட்டும் பழைய நிலப் பதிவேடுகளே வழக்கின் உயிர்.

மாதிரி யார் கையில்?

தந்தைமை தொடர்பான வழக்குகளில்கூட நீதிமன்றங்கள் இச்சோதனைக்கு எளிதில் உத்தரவிடுவதில்லை. திருமணக் காலத்தில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளையே என்ற ஊகம் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவிலிருந்து இன்று புதிய சட்டத்தின் 116ஆம் பிரிவுக்கு வந்துள்ளது. கௌதம் குண்டு வழக்கு (1993) முதல் ஐவன் ரத்தினம் வழக்கு (2025) வரை, ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக மாதிரி எடுப்பது அவரது அந்தரங்க உரிமையையும் மாண்பையும் பாதிக்கும் என்ற எச்சரிக்கை தொடர்கிறது.

குற்றப் புலனாய்வில் அந்த எச்சரிக்கை மெலிந்துவிடுகிறது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாடறியும். பாதிக்கப்பட்ட அம்மக்களிடமே மரபணு மாதிரி கேட்கப்பட்டபோது சிலர் மறுத்தனர். பின்னர் நீதிமன்றத்தின் வழியாக மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் அவ்வூர்த் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவ்வழக்கின் நிறைகுறைகளை வேறிடத்தில் பேசுவோம். உடலின் மாதிரி ஒருமுறை கைமாறினால் அதை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற கேள்வி நமக்குக் கற்பனையானது அன்று என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறோம்.

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம், உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் 'அளவீடுகள்' என்ற சொல்லுக்குள் அடக்கி, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க வழிசெய்கிறது. டி.என்.ஏ. பயன்பாட்டை முறைப்படுத்த 2019இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு எதையும் வகுக்கவில்லை.

வணிக நிறுவனங்களின் நிலை என்ன? அமெரிக்காவின் பெரிய மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் இலட்சக்கணக்கானோரின் விவரங்கள் களவுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. பெயர் நீக்கப்பட்ட ஆய்வு மாதிரிகளையும், பொதுவில் கிடைக்கும் குடும்பப் பெயர்–ஒய் குரோமோசோம் தரவுத்தளங்களையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ ஐம்பது பேரின் அடையாளத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததை 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் காட்டினர். மேலும், மாதிரி கொடுப்பவர் தம்மை மட்டும் கொடுப்பதில்லை; சம்மதம் கேட்கப்படாத அண்ணனையும் சித்தப்பாவையும் சேர்த்தே கொடுக்கிறார். கல்லூரியில் ஆய்வு என்று சொல்லி மாதிரி கேட்கப்பட்டால், அறநெறிக் குழுவின் ஒப்புதல், தமிழில் எழுதிய சம்மதப் படிவம், மாதிரி எங்கே எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்ற விவரம், திரும்பப் பெறும் உரிமை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். சாதிப் பெயரோடு மாதிரி சேகரிக்கப்படுமானால் இரட்டைக் கவனம் தேவை.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

கடல் கடந்த உறவினர் ஒருவர் கேட்டுவந்தால் முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, அவருடைய முன்னோரின் ஒப்பந்த எண். நேட்டால் பட்டியல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்திலும், மொரீசியஸ் பதிவுகள், புகைப்படங்களுடன், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் உள்ளன. எண் கிடைத்தால் தந்தை பெயரும் தாலுகாவும் ஊரும் கிடைக்கும் வாய்ப்புண்டு. ஊர் கிடைத்தால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவ்வூரின் நிலவரித் திட்டப் பதிவேடுகளைத் தேடலாம். கிறித்தவக் குடும்பமாயின் பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு; இராயப்பர் பெயரால் அமைந்த இராயபுரத்தில் படகோட்டிகளின் பணத்தில் எழுந்த புனித பேதுரு தேவாலயம் நிற்பதை மறக்க வேண்டாம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேறிய குடும்பங்களிடம் அகதிப் பதிவுச் சீட்டுகள் இன்றும் பெட்டியடியில் கிடக்கின்றன. அவற்றைக் கரையான் அரிக்குமுன் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

சோதனை இதற்கெல்லாம் பின்னரே. ஆவணம் இரு குடும்பங்களை ஓர் ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தியபின், அவர்கள் உறவினர்தாமா என்று உறுதிப்படுத்த அது உதவும். இரு தரப்பு மூத்தோரின் முழுச் சம்மதத்தோடு செய்யப்பட்டால்.

பட்டியலில் ஊர்ப்பெயர் விளங்கவில்லை என்றால் ஆங்கில எழுத்துகளை அப்படியே வாய்விட்டுப் படித்து, அம்மாவட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதியவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். அவ்வொலியை ஊர்க்காரரின் காது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.